மெயில் புரோகிராமை மாற்றியாச்சு, ரூல்களை எங்கே வைப்பது?

எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்காவின் அவுட்லுக்கில் 43 ரூல்கள் இருந்தன, அதாவது வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் கட்டளைகள். பத்து வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அரைவல் நோட்டீஸ் (சரக்கு வந்த அறிவிப்பு) ஒரு ஃபோல்டருக்கு, டி.ஓ. (சரக்கை எடுப்பதற்கான டெலிவரி ஆர்டர்) இன்னொன்றுக்கு, இபிஎஃப், சொக்சோ (ஊழியர் சேமநிதி, சமூகப் பாதுகாப்பு) சம்பந்தப்பட்டவை வேறொன்றுக்கு, கூரியர் கம்பெனிகளின் ஆஃபர்கள் நேரே குப்பைக்கு. தண்டர்பேர்டுக்கு மாறிய திங்கட்கிழமை காலையில் எல்லாம் ஒரே இன்பாக்ஸில் கொட்டிக் கிடந்தன. "தம்பி, அடுக்கி வச்ச பீரோவை யாரோ கவுத்துப் போட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன சரக்கு ஃபார்வர்டிங் அலுவலகம். ஆறு பேர், ஆறு கணினி. சரக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இறங்கும். அதற்கான காகித வேலை இக்கரையில் நடக்கும். கணினியில் எது மக்கர் பண்ணினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10, அவுட்லுக் 2016 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியதும் முதலாளி புதுக் கணினிகள் வாங்கித் தந்தார். அவுட்லுக்கிற்கு ஆளுக்கு ஆள் மாதச் சந்தா கட்டத்தான் அவருக்கு மனசு வரவில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட். மெயில்கள் வந்தன, முகவரிகள் வந்தன. ரூல்கள் வரவில்லை.

உடைந்த ரூலை எப்படி ஒட்டுவது என்றுதான் நானும் முதலில் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மாரடித்த பிறகுதான் கேள்வியே வேறு என்று புரிந்தது. ஒரு ரூல் எங்கே குடியிருக்க வேண்டும்? மேசையில் இருக்கும் கணினியிலா, மெயில் வந்து இறங்கும் சர்வரிலா? இல்லை, அந்த ரூலே வேண்டாமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கோளாறு தானாகத் தீர்ந்துவிடும். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றில் கையைச் சுட்டும்கொண்டேன்.

பழைய ரூல் எங்கே இருந்தது?

முதலில் ஒரு சோதனை. பழைய கணினி இன்னும் கைவசம் இருந்தால் அதில் மெயிலை மூடிவிட்டு, புதியதையும் மூடிவிட்டு, வேறொரு முகவரியிலிருந்து அந்த ரூலில் மாட்டுகிற மாதிரி ஒரு மெயில் அனுப்புங்கள். பிறகு கைபேசியில் பாருங்கள். மெயில் இன்பாக்ஸிலேயே இருந்தால், ரூல் கணினியில் இருந்தது. ஃபோல்டருக்குள் போயிருந்தால், சர்வரில் இருக்கிறது, மறுபடி எழுத வேண்டியதே இல்லை. நான் இதை வீட்டுக்குப் போகும் ஃபெரியில் வைத்துச் செய்தேன். அலுவலகத்தில் எல்லாக் கணினியும் அணைந்திருக்கும் நேரம் அதுதான். பட்டர்வொர்த் ஜெட்டி வருவதற்குள் விடை தெரிந்துவிட்டது: அக்காவின் 43 ரூல்களும் கணினியில் இருந்தவை.

இதில் ஆச்சரியம் இல்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருக்கும் கணக்கு என்றால் அவுட்லுக் பெரும்பாலான ரூல்களைச் சர்வரிலேயே போட்டுவைக்கும். நம்மைப் போல ஹோஸ்டிங் கம்பெனியில் டொமைன் வாங்கி, அதோடு வரும் மெயிலை பாப் முறையிலோ (கணினிக்கு இறக்கிக்கொள்வது) ஐமேப் முறையிலோ (சர்வரிலேயே வைத்துப் பார்ப்பது) இழுக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவுட்லுக்கில் எழுதும் எல்லா ரூலும் அந்தக் கணினியோடு சரி.

பழைய அவுட்லுக்கில் ரூல்களை ஒரு கோப்பாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். அந்தக் கோப்பை இன்னொரு பழைய அவுட்லுக்தான் படிக்கும். தண்டர்பேர்டுக்கு அது வெறும் குப்பை. எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதைவிட உபயோகமானது, பழைய கணினியை அனுப்புவதற்குமுன் ஒவ்வொரு ரூலையும் திறந்து கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது. நான் 43 படம் எடுத்தேன். அதில் பாதியைப் பார்த்து அக்காவே "இது எதுக்குப் போட்டேன்?" என்று கேட்டார்.

பாப்பில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களுடைய ஃபோல்டர்கள் எல்லாம் கணினியில் இருந்த ஒற்றைக் கோப்புக்குள் இருந்தவை. சர்வருக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிய புரோகிராமில் ஐமேப்பாகச் சேர்த்தால் வெறும் இன்பாக்ஸ்தான் வரும். ரூல் எழுதுவதற்குமுன் ஃபோல்டர்களை உருவாக்க வேண்டும். பிள்ளையார் சுழியே அங்கேதான்.

தண்டர்பேர்டிலேயே மறுபடி எழுதுவது

பெரும்பாலோர் எடுக்கும் வழி இது. மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். தண்டர்பேர்டின் ஃபில்டர்கள் அவுட்லுக் ரூல்களுக்குக் கிட்டத்தட்ட சமமானவை. பொருளில் ஒரு சொல் இருந்தால், அனுப்புநர் முகவரிப் புத்தகத்தில் இருந்தால், இணைப்பு இருந்தால் என்று நிபந்தனைகள் போடலாம். நகர்த்தலாம், நகலெடுக்கலாம், நிறச் சீட்டு ஒட்டலாம். முக்கியமான வசதி, ஏற்கெனவே வந்து கிடக்கும் பழைய மெயில்கள்மேலும் ஃபில்டரை ஓட்டலாம். இன்பாக்ஸில் கொட்டிக் கிடந்த மலையைக் கரைத்தது அதுதான்.

வேலை செய்யவில்லை என்றால், என் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் அற்பமானது. முதல் மூன்று நாள் அக்காவின் ஃபில்டர் எதுவும் அசையவில்லை. பார்த்தால், ஃபில்டர் எழுதும் ஜன்னலின் மேலே எந்தக் கணக்குக்கு என்று கேட்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருந்தது. தண்டர்பேர்டில் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிப் பட்டியல். அலுவலகக் கணக்குக்கு எழுத வேண்டியதை லோக்கலுக்கு எழுதிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது 'எல்லாம்', 'ஏதாவது ஒன்று' என்ற தேர்வு. மூன்று கப்பல் கம்பெனிகளின் முகவரிகளை ஒரே ஃபில்டரில் போட்டுவிட்டு, மேலே 'எல்லாம் பொருந்தினால்' என்று விட்டுவிட்டால் அது என்றைக்கும் ஓடாது. ஒரே மெயிலை மூன்று கம்பெனி சேர்ந்து அனுப்பாது இல்லையா?

வரிசையும் கவனிக்க வேண்டும். தண்டர்பேர்ட் ஃபில்டர்களை மேலிருந்து கீழாக ஓட்டும். ஒரு கம்பெனியிலிருந்து வருவதை எல்லாம் 'சர்க்குலர்' ஃபோல்டருக்கு அனுப்பு என்று மேலே ஒரு ஃபில்டர், அதே கம்பெனியின் அரைவல் நோட்டீஸுக்குக் கீழே இன்னொன்று இருந்தால், கீழே இருப்பதற்கு வேலையே வராது. குறிப்பானதை மேலேயும் பொதுவானதைக் கீழேயும் வைக்க வேண்டும். மேலே பொருந்தினால் மற்றதைப் பார்க்காதே என்று நிறுத்தவும் ஒரு கட்டளை உண்டு. எது ஓடியது, எது ஓடவில்லை என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதே ஜன்னலில் ஃபில்டர் லாக் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எந்த மெயிலை எந்த ஃபில்டர் எங்கே கொண்டுபோனது என்று எழுதிவைக்கும். இதை முதல் நாளே போட்டிருந்தால் எனக்கு ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

ஒரு கணினியில் எழுதியதை மற்ற ஐந்துக்கும் கொண்டுபோகலாமா? போகலாம். ஃபில்டர்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் இருக்கின்றன, நோட்பேடில் திறக்கும். ஆனால் அந்தக் கோப்புக்குள் ஒவ்வொரு ஃபோல்டரும் பயனர் பெயர், சர்வர் பெயர் சேர்ந்த முழு விலாசமாக எழுதப்பட்டிருக்கும். அக்காவின் கோப்பை அப்படியே இன்னொருவர் கணினியில் வைத்தால், அங்கே இல்லாத ஃபோல்டரை அது தேடும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய விலாசத்தைப் புதியதாக மாற்றி எழுதிவிட்டுத் திறக்க வேண்டும். ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றி, சர்வர் பெயர் மாறினாலும் இதே கதைதான்.

சரி, இந்த வழியின் குறை என்ன? கணினி ஓடினால்தான் ஃபில்டர் ஓடும். அக்கா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போயிருக்கும்போது அவருடைய கணினி தூங்கும். கைபேசியில் எல்லாம் கலந்தே வரும். கைபேசிக்கான தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்தது, ஆனால் நான் போட்டுப் பார்த்ததில் அதில் ஃபில்டர் வசதி இல்லை. இன்னொன்று, ஒரே பொதுப் பெட்டியை இரண்டு கணினியில் திறந்து வைத்து, இரண்டிலும் 'நகலெடு' என்ற ஃபில்டர் இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு நகலாகும். தானாகப் பதில் அனுப்பும் ஃபில்டர் என்றால் வாடிக்கையாளருக்கு ஒரே பதில் இரண்டு முறை போகும். எங்களுக்குப் போனது.

ஹோஸ்டிங் சர்வரில் வைப்பது

எங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருக்கிறது. அதில் ஈமெயில் ஃபில்டர்ஸ் என்று ஒரு பகுதி. மெயில் வந்து இறங்கும் கணத்திலேயே அது எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று தீர்மானமாகிவிடும். கணினி ஓடுகிறதா, எந்தப் புரோகிராம், கைபேசியா என்ற கேள்வியே இல்லை. நாளைக்கே தண்டர்பேர்டை விட்டு வேறொன்றுக்குப் போனாலும் ரூல்கள் அப்படியே இருக்கும். புரோகிராம் மாற்றி அவதிப்பட்டவனுக்கு இது தேன் மாதிரி இனித்தது. இரண்டே நாளில் 30 ரூல்களை அங்கே ஏற்றிவிட்டேன்.

ஏற்றும்போதே முதல் அடி. அக்கா வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனிப் பெயரிலேயே ஃபோல்டர் வைத்திருப்பார்; முடிவில் 'செண்டிரியான் பெர்ஹாட்' (பிரைவேட் லிமிடெட்) என்பதன் சுருக்கம், நடுவில் புள்ளியோடு. எங்கள் சர்வரில் அந்தப் புள்ளிதான் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதற்கான அடையாளம். 'எஸ்டிஎன். பிஎச்டி.' என்று எழுதியதும் 'எஸ்டிஎன்' என்று ஒரு ஃபோல்டரும் அதற்குள்ளே 'பிஎச்டி' என்று ஒரு குட்டியும் முளைத்துவிட்டன. மலேசியாவில் பாதிக் கம்பெனிகளின் பெயர் அப்படித்தானே முடிகிறது! இடது பக்கம் முழுக்க குட்டி ஃபோல்டர்கள். எல்லாப் புள்ளிகளையும் எடுத்துவிட்டுப் பெயர்களைத் திரும்ப வைத்தோம்.

இரண்டாவது அடி பணத்தில் விழுந்தது. அரைவல் நோட்டீஸுக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, சர்வர் ரூல் எழுதினேன். சோதித்தும் பார்த்தேன், மெயில் கச்சிதமாக ஃபோல்டருக்குப் போனது. அடுத்த வாரம் முதலாளி போன் பண்ணினார். "தம்பி, கன்டெய்னர் வந்து ரெண்டு நாளாச்சாம். நோட்டீஸ் அனுப்பியாச்சுன்னு கப்பல் லைன்காரன் சத்தியம் பண்றான். நம்ம கையில இல்லையே?"

"பார்க்கிறேன் பாஸ்" என்றேன். கையில்தான் இருந்தது. அதாவது, ஃபோல்டரில் இருந்தது. ஆனால் யாருடைய கணினியிலும் அந்த ஃபோல்டரே தெரியவில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக நாம் சந்தா பண்ணிய ஃபோல்டர்களை மட்டும்தான் காட்டும். சர்வரில் புதிதாக முளைத்ததைக் கணக்கின் பெயரில் வலது சொடுக்கு வைத்து, சப்ஸ்கிரைப் பட்டியலில் டிக் பண்ண வேண்டும். என் கணினியில் மட்டும் டிக் பண்ணியிருந்தேன். அன்று நான் லீவு.

டிக் பண்ணினால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. தண்டர்பேர்ட் புது மெயில் தேடும்போது இன்பாக்ஸைத்தான் கண்டிப்பாகப் பார்க்கும். மற்ற ஃபோல்டர்களையும் பார்க்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸிலும் போய், இதையும் எப்போதும் சோதி என்ற கட்டத்தை டிக் பண்ண வேண்டும். ஃபில்டர் தண்டர்பேர்டில் இருந்தபோது இந்தப் பிரச்சினை இல்லை. மெயில் முதலில் இன்பாக்ஸுக்கு வரும், அப்புறம் தண்டர்பேர்டே அதை நகர்த்தும். சர்வரில் வைத்தால் சத்தமே இல்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது. கைபேசியும் அப்படித்தான், பெரும்பாலும் இன்பாக்ஸுக்கு மட்டும்தான் மணி அடிக்கும்.

துறைமுகத்தில் இலவச நாள் தீர்ந்தால் சேமிப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும். அரைவல் நோட்டீஸைப் பார்த்து, பணம் கட்டி, டி.ஓ. வாங்கி, சுங்கத்துக்குக் கே1 (இறக்குமதி அறிவிப்பு) பாரம் போட்டு, பிறகுதான் லாரி. முதல் படியிலேயே இரண்டு நாள் போனால் கடைசியில் பில் வரும், வந்தது. முதலாளி கட்டினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, அந்த ரசீதைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு சர்வர் பக்கம் போங்கள். அங்கே எழுதும் ரூல் இனி வரப்போவதற்கு மட்டும்தான், பழையதைத் தொடாது. பழையதை அடுக்க ஒரே ஒரு முறை தண்டர்பேர்டின் ஃபில்டரை ஓட்டுவதே சுலபம். அப்புறம், சிபேனலில் 'டிஸ்கார்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது குப்பைத்தொட்டிக்கு அனுப்புவது கிடையாது. மெயில் வந்த தடயமே இருக்காது. கூரியர் ஆஃபரைக் கொல்ல நினைத்து அந்தக் கம்பெனியின் டெலிவரித் தகவலையும் சேர்த்துக் கொன்றால் தேடிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதை நான் தொடுவதே இல்லை. எழுதிய ரூலைச் சோதிக்க அதே பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு மெயிலின் முழு எழுத்தையும் ஒட்டினால் எந்த ரூலில் மாட்டும் என்று சொல்லும்.

உங்கள் ஹோஸ்டிங்கில் சீவ் என்ற வசதி இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அது ரூல் எழுதுவதற்கென்றே உள்ள பொது மொழி. 2001-இல் முதல் வரையறை வந்தது, 2008-இல் திருத்திய வரையறை. ரூல்கள் முழுக்க ஒரு எழுத்துக் கோப்பாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ளும் இன்னொரு சர்வருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் எல்லாம் அதைத்தான் ஏற்கின்றன. எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஜிமெயிலுக்கே போய்விட்டால்?

எங்கள் ஆறு பேரில் இரண்டு சின்னப் பையன்கள் "எதுக்கு பிரதர் இந்தக் கஷ்டம், எல்லாத்தையும் ஜிமெயிலுக்குக் கொண்டு போய்டலாமே" என்றார்கள். நியாயமான யோசனை. அங்கே ஃபில்டர்கள் சர்வரில்தான் இருக்கும், கைபேசியிலும் கணினியிலும் ஒரே காட்சி, ஃபில்டர்களை ஒரு கோப்பாக எடுத்து இன்னொரு ஜிமெயில் கணக்கில் ஏற்றலாம். தேடல் வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சொந்த டொமைனோடு வேண்டும் என்றால் அதற்கும் ஆளுக்கு ஆள் சந்தா, அது முதலாளி காதில் விழாத சொல்.

ஆனால் என்னைத் தடுத்தது சந்தா இல்லை. அக்காவின் ரூல்களில் ஒன்று அபாரமானது. பொருளில் ஐ-என்-வி-ஓ-ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் இருந்தால் பில் ஃபோல்டருக்குப் போ. ஆங்கிலத்தில் 'இன்வாய்ஸ்' என்று எழுதினாலும் மலாயில் 'இன்வொய்ஸ்' என்று எழுதினாலும் முதல் ஐந்து எழுத்து ஒன்றுதான்; ஒரே ரூலில் இரண்டு மொழியும் மாட்டும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் சிபேனலிலும் இது ஓடும், ஏனென்றால் அவை சொல்லின் துண்டையும் தேடும். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். துண்டைக் கொடுத்தால் ஒன்றும் மாட்டாது. இரண்டு சொல்லையும் தனித்தனியாக, நடுவில் ஆங்கிலத்தில் 'ஆர்' (அல்லது) என்று போட்டு எழுத வேண்டும். பில்லுக்காவது இப்படிச் சமாளிக்கலாம். கன்டெய்னர் எண்ணுக்கு என்ன செய்வது? நான்கு எழுத்து, ஏழு இலக்கம், நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுவார்கள். முன்னால் உள்ள எழுத்துகளை வைத்து யாருடைய பெட்டி என்று பிரிப்பதுதான் எங்கள் பாதி ரூல்களின் வேலை. ஜிமெயிலில் அது நடக்காது.

இன்னொரு வித்தியாசம், ஜிமெயிலில் வரிசை கிடையாது. பொருந்துகிற எல்லா ஃபில்டரும் ஓடும். இங்கே நிறுத்து என்று சொல்ல வழி இல்லை. 'சர்க்குலர்' ரூலில் அரைவல் நோட்டீஸ் மாட்டக் கூடாது என்றால், அந்த விலக்கை 'இந்தச் சொல் இல்லாமல்' என்ற கட்டத்தில் நாமே எழுத வேண்டும். அவுட்லுக்கிலிருந்து வருகிறவர்கள் ரூலை வரி வரியாகப் பெயர்த்து எழுதிவிட்டு, ஒரே மெயில் ஏன் இரண்டு இடத்தில் தெரிகிறது என்று திகைப்பது இதனால்தான். ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் திறந்தால் ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டர் மாதிரி தெரியும், இரண்டு லேபிள் ஒட்டிய மெயில் இரண்டு ஃபோல்டரிலும் நிற்கும். ஒன்றை நகல் என்று நினைத்து அழிக்கப் போய் விடாதீர்கள்.

முழுக்க ஜிமெயில் பக்கத்திலேயே வேலை செய்கிறவர்களுக்கு, பத்துப் பதினைந்து எளிய ரூல் மட்டும் இருக்கிறவர்களுக்கு, நான் ஜிமெயிலைத்தான் சொல்வேன். எங்கள் தொழிலுக்கு அது ஒட்டவில்லை.

மைக்ரோசாஃப்ட் சந்தா கட்டிப் புதிய அவுட்லுக்கிற்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: சர்வரில் இருந்த ரூல்கள் அப்படியே வந்துவிடும், கணினியில் மட்டும் ஓடிய ரூல்கள் வராது. பழைய அவுட்லுக்கில் ரூலின் பெயருக்குப் பக்கத்திலேயே 'கிளையண்ட் ஒன்லி' என்று எழுதியிருக்கும். மாறுவதற்குமுன் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

நகர்த்தாமல் விட்டால்?

சேமிப்புக் கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டே யோசித்ததில் வந்தது இது. ரூல் என்றால் ஏன் நகர்த்தியே ஆக வேண்டும்? தண்டர்பேர்டில் மெயிலை இன்பாக்ஸிலேயே விட்டுவிட்டு நிறச் சீட்டு மட்டும் ஒட்டலாம். அரைவல் நோட்டீஸ் சிவப்பு, டி.ஓ. பச்சை. தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் சேமித்த தேடல் ஒன்று வைத்தால் போதும். அது ஃபோல்டர் மாதிரி இடப்பக்கம் நிற்கும், சிவப்புச் சீட்டு உள்ளதை எல்லாம் காட்டும், ஆனால் மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும். ரூல் தப்பாகப் போனால் நிறம் மாறும், அவ்வளவுதான். மெயில் தொலையாது.

இதற்கும் குறை உண்டு. இன்பாக்ஸ் வீங்கும். அக்காவுக்குக் காலியான இன்பாக்ஸைப் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும். கைபேசியில் அந்த நிறங்கள் தெரிவதில்லை. கணினி மூடியிருந்தால் சீட்டும் ஒட்டாது.

ரூலே இல்லாமல் முகவரியைப் பிரிப்பதும் ஒரு வழி. கணக்குக்கு ஒரு முகவரி, ஷிப்பிங்கிற்கு ஒரு முகவரி. புரோகிராம் எது மாறினாலும் உடையாது. ஆனால் பத்து வருஷமாக ஒரே முகவரிக்கு அனுப்பிப் பழகிய கப்பல் கம்பெனிகளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நரை வந்துவிடும். புதிதாகக் கடை திறக்கிறவர்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

எங்கள் முடிவு

ஒவ்வொரு ரூலுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இந்த மெயிலை இரண்டு நாள் யாரும் பார்க்காவிட்டால் காசு போகுமா?

போகாது என்றால் சர்வருக்கு. கூரியர் ஆஃபர், கப்பல் கம்பெனிகளின் அட்டவணை, செய்தி மடல்கள். சத்தமில்லாமல் ஃபோல்டருக்குப் போகட்டும், நல்லதுதான்.

போகும் என்றால் இன்பாக்ஸை விட்டு அசையக் கூடாது. தண்டர்பேர்டில் நிறம் மட்டும். அரைவல் நோட்டீஸ் முதல் ஆள். அடுத்தது வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் சம்பந்தப்பட்டவை. 2024 ஆகஸ்டிலிருந்து கட்டம் கட்டமாக வந்த அந்த முறையில், சரிபார்க்கப்பட்ட இன்வாய்ஸை வாங்கியவர் மறுப்பதற்கும் கொடுத்தவர் ரத்து செய்வதற்கும் 72 மணி நேரம்தான். தப்பான தொகையோடு வந்த ஒன்று நல்ல பிள்ளையாக ஒரு ஃபோல்டருக்குள் மூன்று நாள் தூங்கினால் அப்புறம் வேறு ஆவணம் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய இபிஎஃப், சொக்சோ நினைவூட்டல்களும் இந்தக் கூட்டம்தான்.

ஃபோல்டர்களை முழுக்க ஒழிக்கவும் இல்லை. வேலை முடிந்த மெயிலை அக்கா கையாலேயே வாடிக்கையாளர் ஃபோல்டருக்கு இழுத்துப் போடுகிறார். புள்ளி இல்லாத பெயர்களோடு.

ஒரு எச்சரிக்கை, ஒப்பீட்டில் சேராதது. சர்வரில் ரூல்களைப் பார்க்கும்போது நீங்கள் எழுதாத ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். கடவுச்சொல்லைத் திருடியவர்கள் முதலில் செய்வது, 'பேமெண்ட்', 'பேங்க்' என்ற சொல் உள்ள மெயில்களை வெளி முகவரிக்கு அனுப்பவோ யாரும் திறக்காத ஃபோல்டரில் ஒளிக்கவோ ஒரு ரூல் போடுவது. நீங்கள் புரோகிராமை எத்தனை முறை மாற்றினாலும் அது சர்வரில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல், மலேசியாவில் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.

43 ரூல்கள் இப்போது 14 ஆகிவிட்டன: 8 சர்வரில், 6 தண்டர்பேர்டில். ஒன்றை மட்டும் எந்தப் பக்கம் வைப்பது என்று நான் கேட்கக்கூட அக்கா விடவில்லை, அவரே சிபேனலில் உட்கார்ந்து சர்வரில் ஏற்றிவிட்டார். முதலாளி ஃபார்வர்ட் பண்ணும் மெயில்களைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பும் ரூல் அது. "இதை ரெண்டு நாள் பார்க்கலன்னா காசு போகுமா தம்பி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். போன வாரம் எட்டிப் பார்த்தேன், அதில் படிக்காதவை 118.